உங்கள் தலையை வைத்தே மூளையைப் படிப்பது எப்படி?

மூளையைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பெருமூளை, சிறுமூளை, முகுளம், தலாமஸ், ஹைப்போதலாமஸ், ஹிப்போகாம்பஸ் என்று வரிசையாக மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி வேலையை எழுதிவைத்துத் தேர்வை முடித்துவிடலாம். சில மாதங்கள் கழித்து எது எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்று கேட்டால் பதில் வராது. குறை நினைவாற்றலில் இல்லை, படித்த முறையில் இருக்கிறது. மூளையின் எந்தப் பகுதியும் தனித்து எதையும் செய்வதில்லை. ஒரு தகவல் கண், காது, தோல் போன்ற ஏதோ ஒரு வாயிலில் நுழைந்து, வழியில் பல இடங்களில் உருமாறி, கடைசியில் ஒரு தசைக்கோ சுரப்பிக்கோ போய்ச் சேர்கிறது. அந்தப் பாதையை விட்டுவிட்டு இடங்களின் பெயரை மட்டும் படித்தால் அவை மனத்தில் தங்குவதற்குப் பிடிமானமே இல்லாமல் போகிறது.

ஆகவே எந்தப் பகுதியை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே படியுங்கள்: அதற்குள் என்ன வருகிறது, அதிலிருந்து என்ன போகிறது, அது சிதைந்தால் மனிதர் எதை இழக்கிறார். மூன்றாவது கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனெனில் மூளையைப் பற்றி மனிதர்கள் அறிந்தவற்றில் பெரும்பகுதி காயமும் நோயும் அறுவை சிகிச்சையும் விட்டுச்சென்ற இழப்புகளைக் கவனித்ததிலிருந்தே வந்தது. படிக்கும் வரிசை கீழிருந்து மேலாக இருக்கட்டும்: முதலில் தண்டுவடம், பிறகு மூளைத்தண்டு, சிறுமூளை, ஆழத்தில் உள்ள முடிச்சுகள், கடைசியில் பெருமூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணி. ஆழத்து முடிச்சுகளைத் தவிர, ஒவ்வொரு படியிலும் உங்கள் உடலிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனை உண்டு. அதற்கு ஒரு கண்ணாடி, கைபேசியின் விளக்கு, சில வெள்ளைத் தாள்கள், நீலம், சிவப்பு நிறப் பேனாக்கள், ஓர் அட்டை, ஒரு காகித கிளிப், கூட உதவ ஒருவர் ஆகியவை போதும். இவை கற்பதற்கான சோதனைகள். இவற்றை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு செய்யக்கூடாது.

முதலில் இடங்களைத் தொட்டு அறிதல்

படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையால் தொடங்குங்கள். நெற்றியில் உள்ளங்கையை வைத்தால் அதன் பின்னே இருப்பது நெற்றி மடல். திட்டமிடுதல், தன்னைக் கட்டுப்படுத்துதல், தசைகளை இயக்குதல் ஆகியவை இதன் பொறுப்பு. ஒரு காதின் மேற்பகுதியிலிருந்து உச்சி வழியாக மறுகாது வரை ஒரு பட்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: ஏறத்தாழ அந்தப் பட்டைக்கு அடியில்தான், உடலின் இயக்கத்துக்கான புறணியும் அதை ஒட்டிப் பின்புறமாகத் தொடு உணர்வுக்கான புறணியும் அமைந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் உச்சி மடல். காதுக்கு மேலே, பொட்டின் உட்புறமாகப் பொட்டு மடல். தலையின் பின்புறத்தில் விரலால் தடவினால் எலும்பில் ஒரு சிறு புடைப்பு தட்டுப்படும். அதற்கு மேலே பார்வைக்கான பிடரி மடல், அதற்குக் கீழே சிறுமூளை. இந்த ஒரு புடைப்பை நினைவில் வைத்துக்கொண்டாலே பின்பக்கத்து வரைபடம் குழம்பாது.

இதையெல்லாம் எலும்புக்கு அடியில் மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன: வெளியே தடித்த டியூரா, நடுவே வலைபோன்ற அரக்னாய்டு, மூளையின் மடிப்புகளோடு ஒட்டிச்செல்லும் மெல்லிய பயா. நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையே மூளைத் தண்டுவடத் திரவம் ஓடுகிறது. எந்த நேரத்திலும் அது சுமார் 150 மில்லிலிட்டர்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரப்பதால், நாள் ஒன்றுக்கு மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. பெரியவர்களின் மூளை 1.3 முதல் 1.4 கிலோ எடை கொண்டது என்றாலும், இந்தத் திரவத்தில் மிதப்பதால் அதன் உணரப்படும் எடை 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்படி மிதக்காவிட்டால் மூளையின் அடிப்பகுதி தன் எடையாலேயே நசுங்கும்.

தண்டுவடம்: மூளை இல்லாமலும் நடப்பவை

மூளைக்கு முன்னால் தண்டுவடத்தைப் படிக்கச் சொல்வது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் எது மூளையின் வேலை இல்லை என்பது தெரிந்தால்தான் எது மூளையின் வேலை என்பது புலப்படும்.

உயரமான இருக்கையில் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கும்படி அமருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே மெத்தென்று இருக்கும் தசைநாணை உள்ளங்கையின் விளிம்பால் இலேசாகத் தட்டச் சொல்லுங்கள். சரியான இடத்தில் பட்டால் கால் தானாக முன்னே உதறும். தசைநாண் இழுபட்டதை உணர்ந்த நரம்பு, கீழ்முதுகின் மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைந்து, அங்கேயே அடுத்த நரம்பைத் தூண்டி, அது தொடைத் தசையைச் சுருக்கிவிடுகிறது. மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே செயல் முடிந்துவிடுகிறது. கால் உதறியதை நீங்கள் அறிவது அதற்குப் பிறகுதான்.

இப்போது அதே சோதனையைச் சற்று மாற்றிச் செய்யுங்கள். இரு கைகளின் விரல்களையும் கொக்கிபோல் கோத்து, தட்டுவதற்குச் சற்று முன்பாக இரு பக்கமும் வலுவாக இழுங்கள். முதல் முறை மந்தமாக இருந்த உதறல் இப்போது பெரிதாவதைப் பலரும் காண்பார்கள். மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் இந்த உத்தியின் பெயர் ஜென்ட்ராசிக் முறை. அனிச்சைச் செயலைத் தண்டுவடம் தானே நடத்தினாலும், அதன் வேகத்தையும் வீச்சையும் உடலின் மற்றப் பகுதிகளும் மூளையும் கூட்டிக் குறைக்கின்றன என்பது இதிலிருந்து தெரிகிறது. மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு பக்கவாதத்தில் அறுபட்டவருக்கு முழங்கால் உதறல் இல்லாமல் போவதில்லை. நாளடைவில் அது முன்பைவிட அதிகமாகிவிடுகிறது. கீழே உள்ள பகுதி வேலையைச் செய்ய, மேலே உள்ள பகுதி அதை அடக்கி ஆள்கிறது என்ற இந்த ஒழுங்கு மூளை முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும்.

மூளைத்தண்டு

தண்டுவடத்தின் தொடர்ச்சியாக மேலே செல்வது முகுளம், அதற்கு மேலே பான்ஸ், அதற்கும் மேலே நடுமூளை. மூன்றும் சேர்ந்ததே மூளைத்தண்டு. மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 இணை நரம்புகளில் 10 இணைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மூச்சு, இதயத் துடிப்பின் ஒழுங்கு, விழுங்குதல், விழிப்பு ஆகிய உயிர்காக்கும் பணிகள் எல்லாம் கட்டைவிரல் அளவே தடிமன் கொண்ட இந்தத் தண்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதனால்தான் பெருமூளையில் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவிலான காயம் இங்கே உயிரைப் பறித்துவிடுகிறது.

மங்கலான அறையில் கண்ணாடி முன் நின்று, மூக்கின் மேல் கையைத் தடுப்பாக வைத்துக்கொண்டு, கைபேசி விளக்கின் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து வலது கண்ணில் மட்டும் ஒரு கணம் விழச் செய்யுங்கள். பார்க்க வேண்டியது இடது கண்ணை. ஒளியே படாத இடது கண்பாவையும் வலதுடன் சேர்ந்து சுருங்கும். வலது பார்வை நரம்பு கொண்டுவந்த செய்தி நடுமூளையில் இருபுறமும் பிரிந்து, அந்த 12 இணைகளில் மூன்றாவதான நரம்புகளின் வழியாக இரண்டு பக்கமும் வெளியேறுவதுதான் காரணம். மயக்கத்தில் கிடப்பவரின் கண்ணில் மருத்துவர் விளக்கடித்துப் பார்ப்பது பார்வையைச் சோதிக்க இல்லை. நடுமூளை உயிர்ப்புடன் இருக்கிறதா, மூன்றாவது நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறதா என்பதை அறியவே.

அடுத்த சோதனை இன்னும் எளிது, ஆனால் முதன்முறை செய்பவர்களை வியக்க வைப்பது. இந்தப் பக்கத்தைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக விநாடிக்கு இரண்டு முறை வீதம் ஆட்டியபடியே படியுங்கள். எழுத்துகள் தெளிவாக இருக்கும். பிறகு தலையை அசைக்காமல், அதே வேகத்தில் பக்கத்தை ஆட்டுங்கள், எழுத்துகள் கலங்கிப்போகும். இரண்டிலும் கண்ணுக்கும் பக்கத்துக்கும் இடையிலான அசைவு ஒன்றுதான். வேறுபாடு பாதையில் இருக்கிறது. தலை திரும்பும்போது உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் அதை உணர்ந்து, மூளைத்தண்டு வழியாக மூன்றே நரம்புச் செல்களின் தொடரில் கண் தசைகளுக்கு எதிர்த்திசை ஆணை அனுப்புகின்றன. இதற்குப் பிடிக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். பக்கம் மட்டும் அசையும்போதோ பார்வைத் தகவல் புறணி வரை சென்று திரும்ப வேண்டியிருப்பதால் ஏறத்தாழப் பத்து மடங்கு நேரமாகிறது, கண் பின்தங்குகிறது. பெருமூளைக்குப் போகாமல் குறுக்குவழியில் முடியும் வேலையின் வேகம் எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை என்பது என் எண்ணம்.

முகுளத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று குறுக்கீடு. பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் 85 முதல் 90 சதவீதம் வரை முகுளத்தின் கீழ்ப்பகுதியில் மறுபக்கம் மாறுகின்றன. இடது பெருமூளை வலது கையை ஆள்வதற்கு இதுவே காரணம்.

சிறுமூளை

கையை நீட்டி எதிரே இருப்பவரின் விரல்நுனியைத் தொட்டு, உடனே உங்கள் மூக்கின் நுனியைத் தொட்டு, மாறி மாறி வேகமாகச் செய்யுங்கள். அவர் தன் விரலை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றட்டும். இதில் தசைக்கு வலிமை தேவையில்லை, எப்போது நிறுத்துவது என்ற கணக்குதான் தேவை. கை இலக்கை நெருங்கும்போது எதிர்த்தசையைச் சரியான கணத்தில் இறுக்கி வேகத்தைக் குறைக்காவிட்டால் விரல் இலக்கைத் தாண்டிவிடும். அந்தக் கணக்கைப் போடுவது சிறுமூளை. பெருமூளை என்ன ஆணையிட்டது என்ற நகலும், கைகால்கள் உண்மையில் எப்படி அசைகின்றன என்ற அறிக்கையும் அதற்குள் வருகின்றன. இரண்டுக்கும் இடையிலான பிழையைத் திருத்தும் செய்தி வெளியே போகிறது. அது பழுதானால் கைகால்கள் செயலிழந்துபோவதில்லை. கை இலக்கை நெருங்க நெருங்க நடுங்கும், நடை அகன்று தள்ளாடும், பேச்சு குழறும்.

பக்கம் பற்றிய ஒரு குறிப்பு தேர்வுகளில் பலரை வீழ்த்துவது: சிறுமூளையின் வலது பாதி சிதைந்தால் பாதிக்கப்படுவது வலது கைதான். சிறுமூளையிலிருந்து செல்லும் பாதை ஒருமுறை குறுக்கே சென்று இடது பெருமூளையை அடைகிறது. அங்கிருந்து இறங்கும் பாதை முகுளத்தில் மறுபடியும் குறுக்கே வருகிறது. இரண்டு குறுக்கீடுகள் சேர்ந்து அதே பக்கம் ஆகிவிடுகின்றன.

மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் ஏறத்தாழ 6,900 கோடி இங்கேதான் இருக்கின்றன. பெருமூளைப் புறணிக்குக் கிடைப்பது சுமார் 1,600 கோடி மட்டுமே. செல்களின் எண்ணிக்கையே அறிவின் அளவு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆழத்தில் இருப்பவை

இவற்றை நேரடியாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதால் விரைவாகக் கடந்துவிடலாம். தலாமஸ் மூளையின் நடுவில் இருபுறமும் முட்டை வடிவில் அமைந்தது. மணத்தைத் தவிர மற்ற எல்லாப் புலன் தகவல்களும் புறணிக்குப் போகுமுன் இங்கே நின்றுதான் போகின்றன. அதற்குக் கீழே உள்ள ஹைப்போதலாமஸ் சுமார் 4 கிராம் எடையே உள்ளது. உடல் வெப்பம், பசி, தாகம், 24 மணி நேர உறக்கச் சுழற்சி, பிட்யூட்டரி சுரப்பியின் வழியாக உடலின் பெரும்பாலான ஹார்மோன்கள் ஆகியவை அதன் ஆளுகையில் இருக்கின்றன. பேசல் கேங்லியா என்ற முடிச்சுகள், எந்த அசைவைத் தொடங்குவது, எதைத் தடுப்பது என்று தேர்ந்தெடுக்க உதவுகின்றன. அவற்றுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருளை அனுப்பும் நடுமூளைச் செல்கள் அழிவதே பார்க்கின்சன் நோய். ஓய்வில் கை நடுங்குவதும், எழுந்து நடக்கத் தொடங்குவதே பெரும்பாடாவதும் அதன் அடையாளங்கள். நடுக்கம் ஓய்வில் வருகிறதா, இலக்கை நோக்கிக் கை நீளும்போது வருகிறதா என்பதைக் கொண்டு பேசல் கேங்லியாவையும் சிறுமூளையையும் வேறுபடுத்திக்கொள்ளலாம்.

பெருமூளைப் புறணி: வரைபடத்தை வெளிக்கொணர்வது

புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனே உள்ள சாம்பல் நிறப் படலம். ஒரு பெரிய தாளைக் கசக்கிச் சிறு பெட்டிக்குள் திணிப்பதைப்போல, அதன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள் மறைந்திருக்கிறது. 1909 இல் கோர்பினியன் புரோட்மன் நுண்ணோக்கியின் கீழ்ச் செல்களின் அடுக்கமைப்பு வேறுபடும் இடங்களை வைத்து அதைப் பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டார். அந்த எண்கள் இன்றும் புழங்குகின்றன. தொடக்கநிலையில் அந்த எண்களுக்குப் போகாதீர்கள். முதலில் இரண்டு வரைபடங்களை உங்கள் உடலிலிருந்தே எடுங்கள்.

காகித கிளிப்பை நிமிர்த்தி, இரு முனைகளும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்குமாறு வளையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, உதவுபவரை உங்கள் சுட்டுவிரல் நுனியில் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் இலேசாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிகள் என்று தெளிவாகத் தெரியும். அதே கிளிப்பை முதுகில் வைத்தால் ஒரே புள்ளியாகத்தான் தோன்றும். முனைகளை மெல்ல அகற்றிக்கொண்டே போனால், முதுகில் 40 மில்லிமீட்டர் அளவுக்கு விலகிய பிறகுதான் பலருக்கும் இரண்டு என்று தெரியவரும். விரலில் தொடு உணர்விகள் அடர்த்தியாக இருப்பது ஒரு காரணம். விரல்களுக்கும் உதடுகளுக்கும் நாக்குக்கும் புறணியில் பெரிய இடமும் முதுகுக்குச் சிறு இடமும் ஒதுக்கப்பட்டிருப்பது மற்றொன்று. மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழிப்புடன் இருந்த நோயாளிகளின் மூளையை அறுவை சிகிச்சையின்போது மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு எந்த இடம் உடலின் எந்தப் பகுதி என்று குறித்து, 1937 இல் எட்வின் போல்ட்ரேவுடன் சேர்ந்து வெளியிட்டார். விழித்திருந்தவர் வலியால் துடிக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். மூளைத் திசுவுக்கு வலி உணர்விகள் இல்லை, தோலையும் உறையையும் மரத்துப்போகச் செய்தால் போதும்.

இரண்டாவது வரைபடம் பார்வைக்கானது. வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு சிறு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கரும்புள்ளியும் வரையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் உற்றுப் பார்த்தபடி தாளை முன்பின்னாக நகர்த்துங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்கள் இல்லாததால் அங்கே நமக்குப் பார்வையே இல்லை. சோதனை இத்துடன் முடிந்ததாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவையான பகுதி இனிமேல்தான். புள்ளியின் ஊடாக ஒரு நேர்க்கோட்டை இருபுறமும் நீளும்படி வரைந்து மீண்டும் பாருங்கள். புள்ளி மறையும், ஆனால் அந்த இடம் ஓட்டையாகத் தெரியாது. கோடு அறுபடாமல் ஓடுவதாகவே தோன்றும். கண் தராத தகவலை, சுற்றிலும் உள்ளதைக் கொண்டு புறணி நிரப்பிவிடுகிறது.

பார்வைப் பாதையில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. இடது கண் வலது மூளைக்கும் வலது கண் இடது மூளைக்கும் போவதில்லை. ஒவ்வொரு கண்ணிலும் மூக்கை ஒட்டிய பாதி விழித்திரையின் இழைகள் மட்டுமே குறுக்கே செல்கின்றன. வெளிப்பாதியின் இழைகள் அதே பக்கத்தில் தொடர்கின்றன. இதன் விளைவாக, நேரே பார்க்கும்போது உங்களுக்கு இடப்பக்கம் உள்ள உலகம், எந்தக் கண்ணில் விழுந்தாலும், வலது பிடரி மடலுக்குப் போகிறது. இந்த இழைகள் குறுக்கிடும் சந்தியைத் தாளில் ஒருமுறையாவது நீங்களே இரு நிறங்களில் வரைந்துபாருங்கள். படத்தைப் பார்த்துப் புரிந்ததாக நினைப்பதற்கும் வரைவதற்கும் பெரிய இடைவெளி இருக்கிறது.

மொழியைப் பொறுத்தவரை, 1861 இல் பால் புரோக்கா ஆராய்ந்த ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கலாம். அவர் பிறர் பேசுவதைப் பெருமளவு புரிந்துகொண்டார், ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் டான் என்ற ஒரே ஒலிதான். இறந்தபின் பார்த்தபோது இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. 1874 இல் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளை விவரித்தார்: சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, பிறர் பேச்சும் புரியாது, சிதைவு இடது பொட்டு மடலின் பின்புறம். வலதுகைப் பழக்கம் உள்ளவர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கும், இடதுகைப் பழக்கம் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதத்தினருக்கும் மொழி இடது அரைக்கோளத்தையே முதன்மையாகச் சார்ந்திருக்கிறது.

நினைவும் கட்டுப்பாடும்

பொட்டு மடலின் உட்புறத்தில் சுருண்டிருப்பது ஹிப்போகாம்பஸ். 1953 இல், தீராத வலிப்புக்காக ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அறுத்தெடுக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் கொடுத்த பயிற்சியை நீங்களும் செய்யலாம். இரட்டைக் கோடுகளால் ஒரு நட்சத்திரம் வரைந்து, உங்கள் கையும் தாளும் கண்ணாடியில் மட்டும் தெரியுமாறு ஓர் அட்டையால் மறைத்து, கண்ணாடியைப் பார்த்தபடியே இரு கோடுகளுக்கும் நடுவில் பேனாவை நகர்த்துங்கள். முதல் முறை மூலைகளில் கை எதிர்த்திசையில் இழுத்து, கோடு நடுங்கி வெளியே ஓடும். தொடர்ந்து சில நாட்கள் செய்தால் தவறுகள் குறையும். மோலைசனுக்கும் மூன்று நாட்களில் தவறுகள் குறைந்தன, ஆனால் ஒவ்வொரு முறையும் தான் இதை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் நம்பினார். நடந்ததை நினைவில் வைக்கும் பாதை வேறு, கை பழகும் பாதை வேறு என்பதும், பின்னது ஹிப்போகாம்பஸைச் சாராமல் பேசல் கேங்லியா, சிறுமூளை போன்றவற்றைச் சார்ந்தது என்பதும் இப்படித்தான் துலங்கின.

நெற்றி மடலின் முன்பகுதிக்கான சோதனை 1935 இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டது. சிவப்பு என்ற சொல்லை நீல மையாலும், பச்சை என்ற சொல்லைச் சிவப்பு மையாலும் எழுதிவைத்து, சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிப்பாருங்கள். வாசிப்பு தானாக முந்திக்கொள்ளும். அதை அடக்கி நிறத்தைச் சொல்ல எடுக்கும் அந்தச் சிறு தயக்கமே நெற்றி மடலின் உழைப்பு. இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும் எல்லாப் புத்தகங்களிலும் 1848 இல் இரும்புத் தடி மண்டையைத் துளைத்துப் பிழைத்த ஃபினியஸ் கேஜ் வருவார். குணம் அடியோடு மாறிப்போனார் என்று முடித்துவிடும் கதையை அப்படியே ஏற்க வேண்டாம். அவர் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் என்பதையும் சேர்த்துப் படித்தால், மூளை ஓரளவு மீண்டெழுவதும் தெரியவரும்.

செல்களைப் படிப்பதற்கு இதுவே நேரம்

பாடநூல்கள் நியூரான் எனப்படும் நரம்புச் செல்லில் தொடங்குகின்றன. பாதைகள் புரிந்த பிறகு அதைப் படிப்பதே நல்லது என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் அப்போதுதான் அயனி, மின்னழுத்தம், நரம்பிழையைப் போர்த்தும் மயலின் உறை எல்லாம் எதற்கு என்று விளங்கும். கால்விரல் எதிலாவது இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்ற வலியும், ஒரு விநாடி அளவு கழித்து அழுத்தமான நீடித்த வலியும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய மயலின் உறை கொண்ட இழைகள் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துகின்றன. உறையில்லாத இழைகள் விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான் கடத்துகின்றன. இரண்டு வலிகளுக்கும் இடையிலான காலத்தை இந்த எண்களிலிருந்து நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

படிக்கும்போதே இரண்டு நம்பிக்கைகளை அடித்துவிடுங்கள். மனிதர் மூளையில் 10 சதவீதத்தையே பயன்படுத்துகிறார் என்பது பொய். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலேயே உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது, சும்மா கிடக்கும் பகுதி என்று எதுவும் இல்லை. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று மனிதர்களைப் பிரிப்பதற்கும் ஆதாரம் இல்லை. சுமார் 20 கோடி இழைகள் கொண்ட கார்பஸ் கலோசம் இரு பாதிகளையும் இடைவிடாமல் இணைத்துக்கொண்டிருக்கிறது.

இனி, இழப்பிலிருந்து இடத்தைக் கண்டுபிடித்தல்

வெள்ளைத் தாளில் நினைவிலிருந்தே மூளையின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் பார்வைப் பாதையையும் இயக்கப் பாதையையும் வரைந்துவைத்துக்கொண்டு, கீழ்க்கண்டவை போன்ற நிலைமைகளுக்கு விடை தேடுங்கள். ஒருவருக்குத் திடீரென்று வலது கை துவண்டு, முகம் வலப்பக்கம் தொங்கி, பேச்சு வரவில்லை. வலது பக்கம் என்பதால் முகுளத்துக்கு மேலே இடது பக்கம். பேச்சும் போனதால் இடது புறணி. காலைவிட முகமும் கையும் அதிகம் பாதிக்கப்பட்டதால் புறணியின் வெளிப்பக்கத்துக்குக் குருதி தரும் நடுப்பெருமூளைத் தமனி. இது பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், இந்த அடையாளங்களை யாரிடமேனும் உண்மையில் கண்டால் இடம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இன்னொருவர் வலது கையால் பொருளை எடுக்கும்போது மட்டும் கை நடுங்குகிறது, வலிமை குறையவில்லை, நடை வலப்பக்கம் சாய்கிறது. வலிமை குறையாததால் இயக்கப் பாதை தப்பியது. நெருங்கும்போது நடுக்கம் என்பதால் சிறுமூளை. இரட்டைக் குறுக்கீட்டை நினைவுகூர்ந்தால் வலது பாதி.

கடைசியாக ஒன்று. ஒருவர் நடக்கும்போது இரு பக்கமும் கதவு நிலைகளில் இடித்துக்கொள்கிறார். சோதித்தால் வலது கண்ணில் வலது வெளிப்புறமும், இடது கண்ணில் இடது வெளிப்புறமும் தெரியவில்லை, நேரே உள்ளது தெளிவாகத் தெரிகிறது. வெளிப்புற உலகின் ஒளி விழுவது மூக்கை ஒட்டிய பாதி விழித்திரையில்; அந்த இழைகள் இரண்டு கண்ணிலிருந்தும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது பார்வை நரம்புகள் குறுக்கிடும் சந்தி. அந்தச் சந்திக்கு நேர் கீழே இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. அங்கே வளரும் கட்டி மேல்நோக்கி அழுத்தினால் முதலில் சிதைவது இந்தக் குறுக்கிழைகளே என்பதால், மருத்துவர் அடுத்ததாக அந்த இடத்தை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார், பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்களின் அளவையும் குருதியில் பார்ப்பார்.